எண்பது பவுண்டு நூலும் ஆயிரம் பவுண்டு மீனும்

விசையையும் வேலையையும் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, ஆஸ்திரேலியாவில் 1,064 பவுண்டு எடையுள்ள ஒரு மீனை, 80 பவுண்டு மட்டுமே தாங்கக்கூடிய தூண்டில் நூலால் பிடித்தார்களாம். ஒரு புத்தகத்தில் படித்தேன். இது எப்படி ஐயா நடக்கும்? நூல் அறுந்து போகாதா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்பதற்குரியதன்று. 1,064 பவுண்டு என்பது சுமார் 483 கிலோகிராம். 80 பவுண்டு என்பது 36 கிலோகிராம். அந்த மீனைத் தரையில் கிடத்தி அதே நூலைக் கட்டித் தூக்கினால் நூல் நொடியில் அறும். அப்படியிருக்க, கடலில் மட்டும் அது அறாமல் நின்றது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேடினால் இயற்பியல் மட்டுமல்ல, ஏறத்தாழ நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறும் நம் முன் விரிகிறது. விளையாட்டுக்காகப் பெருமீன் பிடிப்போர், அவர்களுக்கு வழிகாட்டிய படகோட்டிகள், பவளத்திட்டுகளின் விளிம்பில் வாழும் மீன்கள் ஆகிய மூவரின் வரலாறு அது.

கேட்டலினாத் தீவில் தொடக்கம்

மீன் பிடிப்பது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அது வயிற்றுக்காகச் செய்யப்பட்டது. ஆகவே வலையோ, தூண்டிலோ, எறியீட்டியோ, எது எளிதோ அதைக் கையாண்டார்கள். விளையாட்டில் நிலைமை நேர்மாறானது. அங்கே வேண்டுமென்றே கருவியை மெல்லியதாக்கிக்கொள்கிறார்கள். மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருந்தால்தான் அது விளையாட்டு என்பது அவர்கள் கொள்கை.

கடலில் இந்த விளையாட்டு ஒழுங்கான வடிவம் பெற்றது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தை அடுத்த சாந்தா கேட்டலினா என்னும் தீவில். 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சார்லஸ் பிரெடரிக் ஹோல்டர் என்ற இயற்கை நூலாசிரியர் அங்கே 183 பவுண்டு (83 கிலோ) எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை மீனைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதற்கு முன் அங்கு வந்தவர்கள் தடித்த கைக்கயிற்றைப் போட்டு மீன்களை இழுத்துப் போட்டு வந்தனர். இது வேட்டையன்று, வீணடிப்பு என்று ஹோல்டர் கருதினார். அதே ஆண்டில் 'டூனா கிளப்' என்ற சங்கத்தை நிறுவினார். மெல்லிய நூல், கோல், ஒரே மனிதனின் உழைப்பு என்று விதிகள் வகுக்கப்பட்டன.

சங்கத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் செல்வர்கள். ஆனால் மீன் எங்கே இருக்கும், எந்த நீரோட்டத்தில் வரும், எந்த இரையை விரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அவை அத்தீவின் படகோட்டிகளுக்குத்தான் தெரியும். கூலிக்குப் படகு செலுத்தி, மீனிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் இந்த மனிதரே வழிகாட்டி எனப்பட்டார். பதிவேட்டில் பெயர் ஏறுவது கோலைப் பிடித்தவருக்கு. மீனிடம் அவரைக் கொண்டுசேர்ப்பது படகோட்டி. இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

ரீலுக்குள் ஒரு பிரேக்

அக்காலத்து ரீல் ஒரு சாதாரண உருளை. நூல் சுற்றிய உருளையின் அச்சிலேயே கைப்பிடி நேராகப் பொருத்தப்பட்டிருந்தது. மீன் ஓடும்போது உருளை சுழலும். கைப்பிடியும் உடன் எதிர்த்திசையில் அசுர வேகத்தில் சுழலும். அது விரல் முட்டிகளைப் பதம் பார்த்துவிடும். ஓட்டத்தைத் தடுக்க ஒரு தோல் பட்டையை உருளைமீது வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். அழுத்தம் சற்று அதிகமானால் நூல் அறும். குறைந்தால் நூல் முழுவதையும் மீன் கொண்டுபோய்விடும்.

1913-ஆம் ஆண்டில் வில்லியம் போஷன் என்பவர் கேட்டலினாவில் 355 பவுண்டு வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். கோலும் ரீலும் கொண்டு பிடிக்கப்பட்ட முதல் வாள்மீன் அது என்பர். அவருடைய படகோட்டி ஜார்ஜ் பார்ன்ஸ்வொர்த். ஆனால் மீனைவிட முக்கியமானது அவர் கையிலிருந்த ரீல். அதன் உள்ளே உலோகத் தகடுகளும் உராய்வுத் தகடுகளும் ஒன்றுவிட்டொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. வெளியே நட்சத்திர வடிவில் ஒரு திருகு. அதைத் திருகினால் தகடுகள் நெருங்கி உராய்வு மிகும். தளர்த்தினால் குறையும். குறிப்பிட்ட ஓர் இழுவிசைக்கு மேல் போனால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உருளை சுழன்று நூலை விட்டுக்கொடுக்கும். கைப்பிடியோ அசையாமல் இருக்கும். மோட்டார் வாகனத்தின் கிளட்ச் தகடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும்.

இந்தச் சிறிய பிரேக் இல்லாவிடில் பெருமீன் விளையாட்டே இல்லை எனலாம். நம் மாணவரின் கேள்விக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது.

மாணவருக்கு விடை

முதலாவது, மீனின் எடை நிலத்தில்தான் எடை. கடலில் மீனின் எடையை நீரின் மிதப்பு விசை ஏறத்தாழ முழுவதுமாகத் தாங்கிக்கொள்கிறது. மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை இதற்குத் துணைசெய்கிறது. ஆகவே நூல் 483 கிலோவைத் 'தூக்க' வேண்டியதில்லை.

ஆனால் எடை மறைந்தாலும் நிறை மறைவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிறையை நிறுத்த விசை வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்போம். மீனின் நிறையை 480 கிலோ எனவும், அது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 6,000 ஜூல். பிரேக் இல்லாத ரீல், அசையாத கயிறு என்று வைத்துக்கொண்டு, ஒரே மீட்டர் தொலைவுக்குள் அதை நிறுத்த முயன்றால் தேவைப்படும் விசை 6,000 நியூட்டன். அதாவது 600 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. நமது 36 கிலோ நூல் எம்மாத்திரம்?

அதே மீனை 50 மீட்டர் தொலைவு ஓடவிட்டு நிறுத்தினால்? 6,000 ஜூலை 50 மீட்டரால் வகுக்க, 120 நியூட்டன். அதாவது 12 கிலோ எடைக்குச் சமமான இழுப்பே போதும். இது நூலின் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு. மீன்பிடிப்போர் பிரேக்கை வழக்கமாக அமைத்துக்கொள்வதும் ஏறத்தாழ இந்த மூன்றில் ஒரு பங்கு அளவில்தான். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார் அல்லவா? அவர் கையால் செய்வதை ரீல் நூலால் செய்கிறது.

மீன் தொடர்ந்து நீந்திக்கொண்டும் இருக்கும். ஆகவே போராட்டம் ஐம்பது மீட்டரில் முடிவதில்லை. முந்நூறு மீட்டர் நூலை 120 நியூட்டன் தடைக்கு எதிராக இழுத்துச் சென்றால் மீன் செய்த வேலை 36,000 ஜூல். அவ்வளவும் ரீலின் தகடுகளில் வெப்பமாக மாறுகிறது. ஒரு சிறு குவளை, அதாவது நூறு கிராம் தண்ணீரை, நம் ஊர் அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இதைவிடக் குறைவான வெப்பமே போதும். ரீலின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பது இப்போது விளங்கும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பிரேக் தருவது மாறாத திருப்புவிசை. திருப்புவிசை என்பது விசையையும் ஆரத்தையும் பெருக்கக் கிடைப்பது. நூல் வெளியேற வெளியேற உருளையில் எஞ்சிய நூற்சுற்றின் ஆரம் குறைகிறது. ஆரம் பாதியானால் நூலின் மீதுள்ள இழுப்பு இரண்டு மடங்காகும். 12 கிலோவில் அமைத்த பிரேக் தானாகவே 24 கிலோவாகிவிடும். அத்துடன், கடலுக்குள் வளைந்து கிடக்கும் நீண்ட நூலை மீன் இழுக்கும்போது நீரின் தடையும் சேரும். அனுபவமில்லாதவர் அந்த நேரம் பார்த்துப் பிரேக்கை மேலும் இறுக்குவார். நூல் அறும். அனுபவசாலியோ தளர்த்துவார். அதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. படகையே மீனை நோக்கிச் செலுத்துவதுதான் அது. அந்த வழி கோல் பிடித்தவர் கையில் இல்லை, படகோட்டியின் கையில் இருக்கிறது.

சுறாக்களும் சட்டங்களும்

1930-களில் இந்த விளையாட்டு வெப்பக் கடல்களுக்கு நகர்ந்தது. பகாமாத் தீவுகளுள் ஒன்றான பிமினி, பவளச் சுண்ணத்தால் ஆன ஆழமற்ற திட்டின் விளிம்பில் இருக்கிறது. அதை உரசிக்கொண்டு வளைகுடா நீரோட்டம் ஓடுகிறது. எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1935 முதல் அங்கே மீன் பிடித்தார். அங்கு ஒரு தொல்லை இருந்தது. தூண்டிலில் மாட்டிய சூரையும் மார்லினும் களைத்துப்போனவுடன் சுறாக்கள் கூட்டமாக வந்து கடித்துக் குதறிவிடும். மேலே வருவது தலையும் எலும்பும்தான்.

ஆகவே மீனை விரைவாகக் கரைசேர்க்க வேண்டியதாயிற்று. வலுவான ரீல்கள் வந்தன. படகின் பின்புறம் சுழலும் நாற்காலி பொருத்தி, அதில் அமர்ந்து கால்களை உதைத்துக்கொண்டு இழுக்கும் முறை பரவியது. பளோரிடாவின் டாமி கிப்போர்ட் என்ற படகோட்டி, படகின் இருபுறமும் நீண்ட கழிகளை விரித்து, அவற்றின் வழியே இரையை நீர்ப்பரப்பில் துள்ளவைக்கும் முறையைப் புகுத்தினார்.

போட்டி வளர வளரச் சச்சரவும் வளர்ந்தது. ஒருவர் பிடித்தது மற்றவர் பிடித்ததைவிடப் பெரிதா? நூல் எவ்வளவு தடிமன்? துணைக்கு யாராவது கை கொடுத்தார்களா? ஆஸ்திரேலியாவில் 1938-இல் ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டு மைக்கேல் லெர்னர் என்ற அமெரிக்கர், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சார்பில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கடல்களில் ஓர் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். உலகத்துக்கெல்லாம் பொதுவான விதிகள் வேண்டும் என்ற எண்ணம் அங்கு நடந்த பேச்சுகளில் உரம் பெற்றது. 1939 ஜூனில் அதே அருங்காட்சியகத்தில் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் பிறந்தது.

விதிகள் கடுமையானவை. மீன் மாட்டிய கணத்திலிருந்து கோலையும் நூலையும் வேறு எவரும் தொடக்கூடாது. நூலின் முனையிலுள்ள முன்கம்பி கைக்கெட்டும்போதுதான் உதவியாளர் அதைப் பிடிக்கலாம். சுறா கடித்த மீன் செல்லாது. நூலின் தாங்குதிறனுக்கேற்பத் தனித்தனி வகுப்புகள். நம் மாணவர் படித்த '80 பவுண்டு' என்பது அத்தகைய ஒரு வகுப்பே. மற்றொரு விதியும் இருந்தது. மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, சரிபார்க்கப்பட்ட தராசில் நிறுத்திக் காட்ட வேண்டும். நேர்மைக்காக எழுதப்பட்ட இந்த விதி, பிற்காலத்தில் ஒரு பெரிய கேள்வியாக வந்து நிற்கப்போவதை அன்று யாரும் எண்ணவில்லை.

ஆயிரம் பவுண்டு என்னும் எல்லை

மார்லின் என்பது ஈட்டி போன்ற மேல்தாடை உடைய பெருமீன். நம் கடற்கரை மக்கள் மயில்மீன் என்று அழைக்கும் மீனுக்கு நெருங்கிய உறவு. மயில்மீனுக்கு முதுகுத்துடுப்பு தோகைபோல் உயர்ந்து நிற்கும். மார்லினுக்கு அவ்வளவு உயரமில்லை. உடலோ மிகப் பெரிது. அவற்றுள் கருமார்லின் இந்துமாக்கடலிலும் பசிபிக் மாக்கடலிலும் வாழ்வது. அதன் விலங்கியல் பெயரிலேயே 'இண்டிகா' என்ற சொல் இருக்கிறது.

ஆயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒரு மீனைக் கோலால் பிடிப்பது நெடுநாள் கனவாக இருந்தது. 1930-இல் நாவலாசிரியர் சேன் கிரே தாகித்தித் தீவருகே 1,040 பவுண்டு மார்லின் ஒன்றைப் பிடித்தார். சுறாக்கள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டிருந்தன. பின்னர் தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோ என்ற கடலோர ஊர் புகழ்பெற்றது. 1953 ஆகஸ்டு 4 அன்று ஆல்பிரட் கிளாசெல் அங்கு 1,560 பவுண்டு, அதாவது 708 கிலோ எடையுள்ள கருமார்லினைப் பிடித்தார். அந்த உலகச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

கெய்ர்ன்ஸ், 1966

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெருந்தடுப்புப் பவளத்திட்டு நீண்டு கிடக்கிறது. அதன் கரையோரத்தில் கெய்ர்ன்ஸ் என்ற ஊர் அக்காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு துறைமுகம். அங்குள்ள மீனவர்கள் பவளத்திட்டின் ஓரத்தில் வஞ்சிரம் பிடித்து வந்தனர். நம் சந்தையில் விற்கும் அதே வஞ்சிரம் இனம்தான். சில வேளைகளில், மாட்டிய வஞ்சிரத்தையும் தூண்டிலையும் ஏதோ ஒரு பூதம் சேர்த்து விழுங்கிக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் சொல்வதுண்டு. கரையிலிருந்தவர்கள் அதைக் கடலோரக் கதை என்று தள்ளினர்.

ஜார்ஜ் பிரான்ஸ்போர்டு என்ற அமெரிக்கர் அதைக் கதை என்று தள்ளவில்லை. கெய்ர்ன்சுக்கு வந்து 'சீ பேபி' என்ற படகுடன் பவளத்திட்டின் வெளிவிளிம்பில் மார்லினைத் தேடினார். 1966 செப்டம்பரில் அவருடைய படகில் உதவியாளராக இருந்த ரிச்சர்டு ஓபாக், 80 பவுண்டு நூலில் 1,064 பவுண்டு கருமார்லினைப் பிடித்தார். அந்த நூல் வகுப்பில் அது உலகச் சாதனை.

இதில் ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். கோல் பிடித்தவர் விருந்தாளியாக வந்த செல்வர் அல்லர், படகின் பணியாள். வழிகாட்டியின் நம்பிக்கை, மீனவர்களின் சொல், பணியாளின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு 'கட்டுக்கதை' தராசில் ஏறியது. பாமர மீனவனின் பேச்சில் அறிவியலுக்கு உரிய செய்தி இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அதன்பின் கெய்ர்ன்சின் நிலை மாறியது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ஹாலிவுட் நடிகர் லீ மார்வின் அவர்களுள் ஒருவர். வாடகைப் படகுகள் பெருகின. வடக்கே லிசார்டு தீவு வரை, எண்ணிட்டு அழைக்கப்படும் ரிப்பன் பவளத்திட்டுகளின் ஓரமெல்லாம் படகுகள் திரிந்தன.

படகின் பின்புறத்தில்

அத்தகைய ஒரு படகில் நடப்பதைச் சுருக்கமாகக் காண்போம். காலையில் சூரை, கட்டா போன்ற மீன்களைப் பிடித்து இரையாக்குகிறார்கள். இரையே பல கிலோ இருக்கும். அதன் வாயைத் தைத்து, முள்ளைப் பொருத்தி, உயிருள்ள மீன்போல நீந்தச் செய்வது உதவியாளரின் கைவேலை. பிற்பகலில் பவளத்திட்டின் வெளிச்சுவரை ஒட்டிப் படகு மெதுவாகச் செல்லும். படகோட்டி மேல்தட்டில் நின்று நீரின் நிறத்தையும் பறவைகளையும் கவனிப்பார்.

மார்லின் இரையைக் கவ்வியதும் நாற்காலியில் இருப்பவர் கோலைத் தாங்கிப் பிடிக்கிறார். படகோட்டி எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி மீனைத் துரத்துகிறார். அலை பின்தட்டின்மேல் மோதி உடைகிறது. மீன் துள்ளும்போது ஒரு திசை, ஆழத்தில் இறங்கும்போது வேறொரு திசை என்று ஒவ்வொரு நொடியும் கணிக்க வேண்டும். மீன் ஆழத்திலேயே இறந்துவிட்டால் இன்னும் தொல்லை. காற்றுப்பை நசுங்கிவிட்ட உடலை நீர் முழுவதும் தாங்காது. பத்திருபது கிலோ அளவுக்கு எஞ்சும் எடையை நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும்.

கடைசிக் கட்டம் மிக ஆபத்தானது. உதவியாளர் கையுறை அணிந்து முன்கம்பியைக் கையில் சுற்றிப் பிடிக்கிறார். அந்தக் கணத்தில் ரீலின் பிரேக் இல்லை. மீனுக்கும் மனிதனுக்கும் இடையே வழுக்கிக்கொடுக்க எதுவும் இல்லை. மீன் திடீரென்று பாய்ந்தால் 6,000 நியூட்டன் என்று நாம் மேலே கண்ட கணக்கு அவர் கையில் வந்து இறங்கும். இத்தொழிலில் கடலுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தவரும் உண்டு. சாதனை ஏட்டில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை.

ஏன் அங்கே வருகின்றன?

பவளத்திட்டின் வெளிச்சுவர் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. சிறிது தொலைவிலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டரைத் தாண்டும். கிழக்கிலிருந்து வரும் நிலநடுக்கோட்டு நீரோட்டம் இச்சுவரில் மோதிப் பிரிகிறது. திட்டின் மீன்வளமும் ஆழ்கடலின் மீன்வளமும் இங்குச் சந்திக்கின்றன. பெருமீனுக்கு இரை நிறைய உண்டு.

ஆனால் உண்மைக் காரணம் இரை மட்டுமன்று. அவை அங்கு முட்டையிட வருகின்றன. தென்கோளத்தின் வசந்த காலமே அவற்றின் இனப்பெருக்கக் காலம். பவளத்திட்டின் ஓரக் கடலில் கருமார்லினின் இளங்குஞ்சுகள் ஆய்வாளர்களின் வலையில் கிடைத்துள்ளன. மற்றோர் உண்மை இன்னும் முக்கியமானது. கருமார்லினில் ஆண் மீன் சிறியது. 150 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆயிரம் பவுண்டு எடையுள்ளவை எல்லாம் பெண் மீன்களே.

இப்போது தராசு விதியை நினைத்துப் பாருங்கள். சாதனைக்காகக் கரையில் தொங்கவிடப்பட்ட ஒவ்வொரு பெருமீனும் முட்டையிட வந்த ஒரு தாய். மாலை வேளையில் துறைமுகத்துத் தூக்குமரத்தில் மீனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெருமைக்குரிய படம்தான். ஆனால் உயிரியல் கண்ணோடு பார்த்தால் அதன் பொருள் வேறு.

எதிரி யார்?

படகோட்டிகள் வேறொரு பக்கம் கைகாட்டினர். 1950-கள் முதல் ஜப்பானிய மீன்பிடிக் கப்பல்கள் பவளக்கடலில் நெடுந்தூண்டில் இட்டு வந்தன. நம் கடற்கரையில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்களே, அதன் பேருருவம் இது. பல கிலோமீட்டர் நீளக் கயிறு, அதில் ஆயிரக்கணக்கான முட்கள். சூரைக்காக இடப்பட்டாலும் மார்லினும் அதில் மாட்டும். வாடகைப் படகுகள் கொல்வது இதனோடு ஒப்பிட்டால் சொற்பம் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் பிறர் அதிகமாகக் கொல்கிறார் என்பது நாம் கொல்வதற்கு நியாயமாகுமா?

வழக்கு மெல்ல மெல்ல இருபுறமும் தீர்ந்தது. 1975-இல் பவளத்திட்டைக் காக்கக் கடற்பூங்காச் சட்டம் வந்தது. 1979-இல் ஆஸ்திரேலியா 200 கடல்மைல் மீன்பிடி எல்லையை அறிவித்தது. 1981-இல் பவளத்திட்டு உலக மரபுச் சின்னமாயிற்று. 1998-இல் கருமார்லினையும் நீலமார்லினையும் வணிக மீனவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டது.

மறுபுறம் விளையாட்டே மாறியது. 1973-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மீன்களுக்கு அடையாளச் சீட்டு குத்தி விடுவிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. படகருகே வந்த மீனின் தோளில் எண்ணிட்ட ஒரு சிறு சீட்டைக் குத்திவிட்டு முன்கம்பியை வெட்டிவிடுவார்கள். அதே மீன் பின்னொரு நாள் எங்கேனும் பிடிபட்டால், அது எவ்வளவு தொலைவு பயணம் செய்தது, எத்தனை நாள் வாழ்ந்தது என்பது தெரியவரும். இவ்வகையில் கருமார்லின் மாக்கடல் முழுவதும் சுற்றும் நாடோடி என்பது உறுதியாயிற்று. ஆகவே ஒரு நாட்டின் சட்டம் மட்டும் அதைக் காப்பாற்றிவிடாது என்பதும் உறுதியாயிற்று. பெரும்பாலும் தாடை ஓரத்தில் மாட்டும் வட்டமுள் பரவியபின், குடலில் முள் குத்தி இறக்கும் மீன்களின் தொகை குறைந்தது.

தராசு இல்லாமல் எடையை எவ்வாறு அறிவது? இதற்கும் எளிய கணக்கு உண்டு. மீனின் நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைத் தன்னாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். நீளம் 150, சுற்றளவு 74 எனில் எடை சுமார் 1,027 பவுண்டு. கன அளவு நீளத்தோடும் குறுக்களவின் இருமடியோடும் வளர்கிறது என்ற பள்ளிக்கூடக் கணிதமே இது. தோராயம்தான். ஆனால் அந்தத் தோராயத்தின் விலை ஒரு தாய் மீனின் உயிர்.

ஒரு பழைய தவறு

முடிக்குமுன் இன்னொன்று. மார்லின் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று பல நூல்களில் காணலாம். ரீலிலிருந்து நூல் வெளியேறும் வேகத்தைக் கொண்டு கணித்தது அது. ரீலை விட்டு நூல் ஓடும் வேகம் மீனின் வேகமாகிவிடாது. படகும் நகர்கிறது, நூலும் நீரில் வளைகிறது. அவ்வளவு வேகத்தில் சென்றால் துடுப்பைச் சுற்றி நீரே ஆவிக்குமிழிகளாகி வெடித்துத் திசுக்களைச் சிதைக்கும். நெருங்கிய உறவான மயில்மீனிடம் அண்மைக் காலத்தில் நேரடியாக அளந்தபோது உச்ச வேகம் நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டவில்லை. மணிக்கு 36 கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான்.

வேகம் குறைந்துவிட்டதென்று மார்லினின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதன் கண்ணுக்கருகே தசையிலிருந்து உருவான ஒரு வெப்ப உறுப்பு உண்டு. குளிர்ந்த ஆழத்துக்குச் சென்றாலும் அது மூளையையும் கண்ணையும் சூடாக வைத்துப் பார்வையைக் கூர்மையாக்குகிறது. கட்டுக்கதையைவிட உண்மை வியப்பானது.

மாணவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. போகும்போது அவர் கேட்டார்: "ஐயா, அப்படியானால் அந்த 1,064 பவுண்டு மீனை உண்மையில் பிடித்தது யார்? கோல் பிடித்தவரா, படகு ஓட்டியவரா, ரீலைக் கண்டுபிடித்தவரா?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று அங்கிருந்த இன்னொரு தரப்பை அவருக்கு நினைவூட்டினேன். அந்த மீனின் வயிற்றில் இருந்திருக்கக்கூடிய கோடிக்கணக்கான முட்டைகள். எண்பது பவுண்டு நூல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கணக்கிட இயற்பியல் போதும். எப்போது நூலை வெட்டிவிட வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வழிகாட்டிகள் அதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொண்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் நல்ல செய்தி.